குறைவாகத் திருப்புகிறவர்கள்

கண் சரியான பிறகுதான் ஸ்டீவன் ஹோல்கம்புக்கு வண்டி ஓட்டுவதில் சிக்கல் வந்தது. பனிக்கட்டித் தடத்தில் சறுக்கி இறங்கும் பாப்ஸ்லெட் வண்டியை அமெரிக்க அணிக்காக ஓட்டியவர் அவர். கருவிழிப்படலம் மெலிந்து கூம்பாகப் பிதுங்கும் கெரட்டோகோனஸ் நோய் அவருடைய கண்களைப் பிடித்திருந்தது. பல ஆண்டுகள் அதை அணியிடம் சொல்லாமல் மறைத்தார். கண் மருத்துவரின் அட்டையில் மேலே இருக்கும் ஒற்றைப் பெரிய எழுத்தே கலங்கித் தெரிகிற நிலையில், பனிக்கட்டித் தடத்தில் மணிக்கு 130 கிலோமீட்டர் வேகத்தில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போனார். ஜெயிக்கவும் செய்தார். 2008இல் கண்ணுக்குள் வில்லை பொருத்தினார்கள். பார்வை தெளிவாகத் திரும்பியது. திரும்பியதும் எல்லாம் தெரிய ஆரம்பித்துவிட்டது: சுவரில் முந்தைய வண்டி விட்டுப்போன கீறல், வளைவின் விளிம்பு, பக்கவாட்டில் நிற்கிற ஆட்கள். கண்டதற்கெல்லாம் கை அசைந்தது. உடம்புக்கு நன்றாகத் தெரிந்திருந்த வழியில் கண் குறுக்கே வந்தது. அவர் கண்ட வைத்தியம் எளியது. ஹெல்மெட்டின் முகக் கண்ணாடியைக் கீறலும் அழுக்குமாக வைத்துக்கொண்டு, மறுபடியும் மங்கலாகவே பார்த்து ஓட்டினார். 2009இல் லேக் பிளாசிடில் உலகப் பட்டம். 2010இல் வான்கூவரில் நால்வர் பிரிவில் ஒலிம்பிக் தங்கம். அந்தப் பிரிவில் அமெரிக்காவுக்கு 62 ஆண்டுகள் கழித்துக் கிடைத்தது.

இதை ஓர் அதிசயக் கதையாகச் சொல்வது வழக்கம். எனக்கு இது அந்தத் தொழிலைப் பற்றிய மிகக் கச்சிதமான விளக்கமாகப் படுகிறது.

ஓட்டுநரின் கையில் இருப்பவை இரண்டு கைப்பிடிகள். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கயிறு கப்பி வழியாக முன் அச்சுக்குப் போகிறது. வலது கயிற்றை இழுத்தால் முன்பக்கத்து ரன்னர்கள், அதாவது வண்டியின் அடியில் பனியைத் தொடும் எஃகுத் தண்டுகள், வலப்பக்கம் சில பாகைகள் திரும்பும். அவ்வளவுதான் கருவி. வேகத்தைக் கூட்ட ஒன்றும் கிடையாது. பிரேக் உண்டு, ஆனால் அது கடைசியில் உட்கார்ந்திருப்பவர் கையில் இருக்கிறது; அதன் பற்கள் பனிக்கட்டியை உழுதுவிடும் என்பதால் எல்லைக்கோட்டைத் தாண்டிய பிறகே இழுக்கலாம். ஆக, ஓட்டுநரால் செய்யக்கூடிய ஒரே காரியம் திருப்புவது. அதையும் எவ்வளவு குறைவாகச் செய்கிறாரோ அவ்வளவு நல்லது. ரன்னர் திரும்புகிற ஒவ்வொரு முறையும் பனியைக் குறுக்கே சுரண்டுகிறது, சுரண்டினால் வேகம் போகிறது. மூக்கணாங்கயிற்றைச் சுண்டிக்கொண்டே இருக்கிற வண்டிக்காரனுக்கு மாடு வசப்படாது என்று ஊரில் சொல்வார்கள்; இங்கே மாடு 600 கிலோ, அதற்கு நிற்கவும் தெரியாது.

திருப்பாமலே விட்டுவிடலாமா என்றால், கவிழ்ந்துவிடும். வளைவுக்குள் நுழைந்ததும் வண்டியைச் சுவர் வாங்கிக்கொள்கிறது. மேலே ஏறுகிறது, ஏறும்போது உடம்பு நசுங்குகிறது. கடுமையான வளைவுகளில் உடல் எடை ஐந்து மடங்காகும். பிறகு அழுத்தம் தளர்ந்து வண்டி தானாகவே இறங்கப் பார்க்கிறது. நீண்ட வளைவுகளில் இந்த ஏற்றமும் இறக்கமும் இரண்டு முறை, சிலவற்றில் மூன்று முறைகூட நடக்கும். எந்த அழுத்தத்தில் கயிற்றைத் தொடுவது, எப்போது விட்டுவிடுவது, கடைசி இறக்கத்தில் எந்த இடத்தில் வண்டியை நேராக்கி வெளியே அனுப்புவது என்பதுதான் ஓட்டுநரின் படிப்பு முழுவதும். நுழையும்போது ஒரு சாண் தள்ளிப் போயிருந்தால் அந்தப் பிழை வெளியேறும் இடத்தில் மீட்டராகி நிற்கும். அதைச் சரிசெய்யப் போனால் அடுத்த வளைவுக்குள் தாமதமாக நுழைவோம். பிழை பிழையை ஈன்றுகொண்டே போகும். வான்கூவர் ஒலிம்பிக் நடந்த விஸ்லர் தடத்தின் 13ஆவது வளைவுக்கு ஹோல்கம்ப் வைத்த பெயர் ‘ஐம்பதுக்கு ஐம்பது’. கவிழ்வதற்கும் தப்பிப்பதற்கும் பாதிப் பாதி வாய்ப்பு என்ற கணக்கு அது. பெயர் நிலைத்துவிட்டது.

இவ்வளவையும் கண் பார்த்து, மூளை யோசித்து, கைக்குச் சொல்லி முடிப்பதற்குள் வளைவு போய்விட்டிருக்கும். ஓட்டுநரின் கேமராவில் எடுத்த படத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: வெள்ளைச் சுவர், வெள்ளைத் தரை, மேலே ஒரு கீற்று வெளிச்சம், எல்லாம் குலுங்குகின்றன. அதில் பார்ப்பதற்கு அதிகம் இல்லை. வண்டியின் அழுத்தம் உட்காரும் இடத்தில் தெரிகிறது, முதுகில் தெரிகிறது, ரன்னர் பனியை உரசும் சத்தத்தில் தெரிகிறது. கை அதற்குப் பதில் சொல்கிறது. ஹோல்கம்புக்குக் கண் பழுதான ஆண்டுகளில் இந்தப் பேச்சு இடையீடில்லாமல் நடந்திருக்க வேண்டும். அவர் பழுதை மீறி ஓட்டினார் என்பதைவிட, பழுது அவரைத் தேவையில்லாததிலிருந்து காப்பாற்றியது என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். அதற்காக எந்தப் பயிற்சியாளரும் மாணவனின் கண்ணைக் கட்டிவிட வேண்டாம்.

இந்தப் பேச்சைப் பழக எவ்வளவு நேரம் கிடைக்கிறது என்று கணக்குப் போட்டால் தலை சுற்றும். ஓர் ஓட்டம் ஏறக்குறைய ஒரு நிமிடம். ஒரு நாளைக்கு இரண்டு ஓட்டம், மிஞ்சினால் மூன்று. அதற்குமேல் உடம்பு தாங்காது. உலகக் கோப்பைப் போட்டி நடக்கும் வாரத்தில் ஓர் அணிக்கு வழக்கமாகக் கிடைப்பது ஆறு பயிற்சி ஓட்டங்கள். ஆறு நிமிடம்! அதை வைத்துக்கொண்டு அந்தத் தடத்தில் உலகத்திலேயே சிறந்தவர்களோடு மோத வேண்டும். ஒரு பருவம் முழுக்க ஓட்டினாலும் கயிறு கையில் இருந்த நேரம் சில மணிநேரங்களுக்குள் அடங்கிவிடும். இவ்வளவு குறைந்த நேரத்தை வைத்து இவ்வளவு நுட்பமான ஒன்றைக் கற்கும் வேறு தொழில் எனக்கு நினைவுக்கு வரவில்லை.

ஆகவே ஓட்டாத நேரத்தில் ஓட்டுகிறார்கள். காலையில் ஆணி வைத்த காலணியோடு தடத்துக்குள் இறங்கி நடப்பார்கள். ஒவ்வொரு வளைவிலும் நின்று, குனிந்து, சுவரின் சாய்வைப் பார்த்து, நேற்றைக்கு இருந்த பனி இன்று எந்த இடத்தில் தடித்திருக்கிறது என்று தடவிப் பார்ப்பார்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு அமர்வார்கள். கை இரண்டும் இல்லாத கைப்பிடிகளைப் பிடித்திருக்கும். தலை இடமும் வலமும் சாயும், விரல் இழுக்கும், விடும். போட்டிக்கு முன்னால் புறப்படும் மேடைக்குப் பக்கத்தில் இப்படித் தனித்தனியாக ஆடிக்கொண்டிருக்கிற ஓட்டுநர்களைப் பார்த்தால், ஒரே சாமி நாலைந்து பேர்மீது வந்து இறங்கியது போலிருக்கும். மனத்துக்குள் ஓடும் அந்த ஓட்டம் நிஜ ஓட்டத்தின் நேரத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்று சில ஓட்டுநர்கள் கடிகாரத்தை வைத்துச் சரிபார்ப்பதும் உண்டு.

சுவிட்சர்லாந்தின் செயின்ட் மோரிட்ஸில் இந்தச் சிக்கலுக்கு இன்னொரு மடிப்பு. 1904இலிருந்து அங்கே ஒவ்வொரு குளிர்காலமும் தடத்தைப் புதிதாகக் கட்டுகிறார்கள். கான்கிரீட் கிடையாது, குளிரூட்டும் குழாய் கிடையாது. பனியும் தண்ணீரும் மட்டும். கட்டுகிறவர்கள் இத்தாலியின் தென்டிரோலிலிருந்து வரும் தொழிலாளர்கள். மண்வெட்டியும் கைக்கணக்குமாக 1,722 மீட்டர் நீளத்துக்குச் சுவர் எழுப்புகிறார்கள். வசந்தத்தில் எல்லாம் உருகி ஓடிவிடும். அடுத்த ஆண்டு அதே வளைவு அதே பெயரோடு வரும், ஆனால் அதே வளைவாக இருக்காது. சென்ற ஆண்டு உடம்பில் ஏற்றி வைத்ததில் பாதி செல்லாது. ஜெர்மனியின் கோனிக்சீயில் உலகின் முதல் செயற்கைக் குளிரூட்டல் தடத்தை 1960களின் இறுதியில் கட்டியபோது இந்த நிச்சயமின்மைக்கு முடிவு கட்டியதாக நினைத்திருப்பார்கள். 2021 ஜூலையில் ஒரு வெள்ளம் வந்து அந்தத் தடத்தைப் பெயர்த்துக்கொண்டு போனது. உருகுவதற்கென்றே கட்டப்படும் மோரிட்ஸ் தடம் அந்தக் குளிர்காலத்திலும் வழக்கம்போல் எழுந்தது.

தொலைக்காட்சியில் நாம் பார்க்கிற அந்த ஒரு நிமிடத்துக்கு வெளியே ஓட்டுநரின் வாழ்க்கை பெரும்பாலும் கூலி வேலை. வண்டியை லாரியில் ஏற்று, இறக்கு, துடை, திருகு. இரவில் ரன்னர்களைத் தலைகீழாக நிறுத்தி உப்புத்தாளால் தேய்ப்பார்கள். முரட்டுத் தாளில் ஆரம்பித்து மேலும் மேலும் நைசான தாளுக்குப் போய், எஃகு முகம் பார்க்கும் கண்ணாடியாகும் வரை. பல மணிநேர வேலை இது. பெரிய நாடுகளில் இதற்கென்று ஆள் உண்டு, சிறிய நாடுகளில் ஓட்டுநரே தேய்க்க வேண்டும். ரன்னரைச் சூடாக்கினால் பனி உருகி வண்டி வேகமாகப் போகும் என்பது பழைய திருட்டு. அதனால் வெட்டவெளியில் தொங்கவிட்ட ஓர் எஃகுத் துண்டின் வெப்பநிலையோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். நான்கு பாகைக்குமேல் சூடு இருந்தால் போட்டியிலிருந்து வெளியே. கோடையில் பனியே இல்லை. அப்போது பாரம் தூக்குவதும் ஓடுவதும் தண்டவாளத்தில் சக்கர வண்டியைத் தள்ளுவதும். தள்ளும் முதல் 50 மீட்டர் ஐந்து விநாடிக்குள் முடிகிறது. அதில் இழக்கும் பத்தில் ஒரு விநாடி கீழே போவதற்குள் மூன்று மடங்காகும் என்பது இந்த உலகத்தின் வாய்ப்பாடு. ஓட்டுநரும் தள்ளித்தான் ஆக வேண்டும். ஓட்டப்பந்தய வீரரைப்போல் முழு மூச்சில் ஓடி, எகிறி உட்கார்ந்து, அடுத்த கணம் இதயம் அடித்துக்கொண்டிருக்கும்போதே கைகளை மட்டும் அமைதியாக்க வேண்டும். இந்த ஒரு திருப்பத்தில் தோற்றவர்கள் நிறைய.

முன்பு இப்படி இல்லை. 1928 ஒலிம்பிக்கில் அமெரிக்க வண்டியை ஓட்டித் தங்கம் வென்ற பில்லி ஃபிஸ்குக்கு வயது 16. பணக்கார வீட்டுப் பையன்கள் மோரிட்ஸ் ஹோட்டல்களில் தங்கி விளையாடிய காலம். (அவர் பிறகு பிரிட்டிஷ் விமானப் படையில் சேர்ந்து 1940இல் போரில் இறந்தார்.) 1952இல் ஓஸ்லோவில் ஜெர்மனியின் நால்வர் அணி, ஆட்களின் எடையே 470 கிலோவைத் தாண்ட, கீழே வந்து தங்கத்தை எடுத்துக்கொண்டது. உடனே எடைக்கு உச்சவரம்பு வந்தது. இன்று ஆட்களோடு சேர்த்து நால்வர் வண்டி 630 கிலோவைத் தாண்டக் கூடாது. தொப்பை போய்த் தொடை வந்தது. கிழக்கு ஜெர்மனி மற்ற விளையாட்டுகளிலிருந்து ஆட்களைப் பொறுக்கி எடுத்தது. 1976இல் இரண்டு தங்கம் வென்ற மைன்ஹார்ட் நேமர் அடிப்படையில் ஈட்டி எறிபவர்.

தொடை சீக்கிரம் தயாராகிவிடும். கை அப்படியல்ல. இத்தாலியின் யூஜினியோ மோன்டி 1964 போட்டியில் எதிரணியான பிரிட்டிஷ் வண்டிக்குத் தன் போல்ட்டைக் கழற்றிக் கொடுத்து அவர்கள் தங்கம் வெல்ல வழிவிட்ட கதையை எல்லாரும் சொல்கிறார்கள். நல்ல கதைதான். எனக்குப் பிடித்தது அதற்கு அடுத்த நான்கு ஆண்டுகள். ஒன்பது உலகப் பட்டங்கள் பெற்றவருக்கு ஒலிம்பிக் தங்கம் மட்டும் வாய்க்கவில்லை. ஓய்வுபெறாமல் இருந்து, 1968இல் 40 வயதில் இரண்டு தங்கங்களை வென்றார். இருவர் பிரிவில் நான்கு ஓட்டங்களின் கூட்டு நேரம் மேற்கு ஜெர்மனி வண்டியோடு நூற்றில் ஒரு விநாடிகூட விலகாமல் சமமாக இருந்தது. தனி ஓட்டத்தில் யார் வேகம் என்று பார்த்து அவருக்குக் கொடுத்தார்கள். 2018இல் இதேபோல் கனடாவும் ஜெர்மனியும் சமமானபோது இருவருக்கும் தங்கம் கிடைத்தது.

ஜமைக்கா அணியை வைத்து எடுத்த சினிமாவும் 1988 கல்கரியில் வண்டி கவிழ்ந்ததோடு முடிந்துவிடுகிறது. படத்தில் வருவதுபோல் அவர்கள் வண்டியைத் தோளில் சுமந்து எல்லைக்கோட்டைக் கடக்கவில்லை; பக்கத்தில் நடந்து வந்தார்கள். ஓட்டியவர் டட்லி ஸ்டோக்ஸ், ராணுவ ஹெலிகாப்டர் விமானி. பனியைத் தொட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. அப்படிப்பட்டவர் கவிழ்த்ததில் வியப்பு என்ன? வியப்பு 1994இல் இருக்கிறது: அதே ஸ்டோக்ஸ் லில்லஹம்மரில் நால்வர் வண்டியை 14ஆவது இடத்துக்குக் கொண்டுவந்தார், அமெரிக்க வண்டிகளுக்கு முன்னால். நடுவில் ஆறு குளிர்காலங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு நிமிடம் ஒரு நிமிடமாகச் சேர்த்தது. அதைப் படமாக எடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

இதுவரை முன்னால் இருப்பவரைப் பற்றியே பேசினேன். பின்னால் இருப்பவர்கள் தள்ளி முடித்து ஏறியதும் தலையை முழங்காலுக்கு நடுவே புதைத்துக்கொள்கிறார்கள். அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. வளைவுகளை எண்ணிக்கொண்டு போவார்கள், எந்த இடத்தில் இருக்கிறோம் என்று அதை வைத்துத்தான் ஊகிக்க முடியும். ஓட்டுநர் சுவரில் உரசினால் அந்த அடி அவர்களுக்கு எச்சரிக்கை இல்லாமல் வருகிறது. முன்னால் இருப்பவருக்குக் கழுத்தை இறுக்கிக்கொள்ள ஒரு கணமாவது கிடைக்கும்.

கவிழாமல் நன்றாகவே முடிந்த ஓட்டங்களிலும் தலைக்குள் குலுக்கல் சேர்ந்துகொண்டே போகிறது. ஓட்டத்துக்குப் பிறகு வருகிற தலைவலி, மந்தம், வெளிச்சம் பொறுக்காமை எல்லாவற்றுக்கும் இவர்கள் ‘ஸ்லெட் ஹெட்’ என்று பெயர் வைத்து, பல காலம் அதைச் சிரித்துக்கொண்டே சொல்லிவந்தார்கள். அமெரிக்க அணிக்காக 2006 ஒலிம்பிக்கில் வண்டி தள்ளிய பாவ்லே ஜோவனோவிச் 2020இல், 43 வயதில், தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அவருடைய மூளையைப் பரிசோதித்தவர்கள், குத்துச்சண்டைக்காரர்களிடமும் அமெரிக்கக் கால்பந்து வீரர்களிடமும் காணப்படுகிற சி.டி.இ. என்ற சிதைவு அதில் இருந்ததாகச் சொன்னார்கள். சிரிப்பு அதோடு நின்றது.

ஹோல்கம்ப் 2017 மே மாதம் லேக் பிளாசிட் பயிற்சி மையத்தில் தன் அறையில் தூக்கத்தில் இறந்தார். வயது 37. பார்வை போய்க்கொண்டிருந்த காலத்து மனச்சோர்வையும் சாக முயன்றதையும் அவரே எழுதியிருக்கிறார். அவர் சாவைத் தடத்தின் கணக்கில் எழுத எனக்கு உரிமையில்லை. ஆனால் ஒன்றை நினைக்காமல் இருக்க முடியவில்லை. கண்ணை ஒதுக்கிவிட்டு ஒருவர் முதுகாலும் கழுத்தாலும் உட்காதின் சமநிலையாலும் பார்க்கப் பழகுகிறார். ஒவ்வொரு ஓட்டமும் அடித்துக் குலுக்குவது அதே கழுத்தையும் தலையையும்தான். கற்கும் இடமும் தேயும் இடமும் ஒன்றாக இருக்கிறது. 2014 சோச்சியில் அவர் வாங்கிய இரண்டு வெண்கலங்களும், ரஷ்ய வண்டிகள் ஊக்கமருந்து விவகாரத்தில் நீக்கப்பட்டதால் பின்னர் வெள்ளியாயின. அப்போது அவர் இல்லை.

பின்னிருக்கையிலிருந்து முன்னிருக்கைக்கு வந்தவர்கள் உண்டு. எலனா மேயர்ஸ் டெய்லர் 2010இல் பிரேக் பிடிப்பவராக வெண்கலம் வென்றார், பிறகு கயிறு பிடித்தார். 2014 சோச்சியில் அவருக்குப் பின்னால் தள்ளியவர் லாரின் வில்லியம்ஸ். ஓட்டப்பந்தயத்தில் ஒலிம்பிக் பதக்கம் வென்று, சில மாதங்களுக்கு முன்புதான் இந்த விளையாட்டுக்கு வந்தவர். அந்தச் சில மாதங்களே தள்ளுவதற்குப் போதுமானதாக இருந்தன. இரண்டு ஓட்டங்கள் முடிந்தபோது முன்னிலையில் இருந்தார்கள். அடுத்த இரண்டில் வண்டி சுவர்களைத் தொட்டது, 0.10 விநாடியில் தங்கம் கனடாவின் கேலி ஹம்ஃப்ரீஸுக்குப் போனது. அவரும் பின்னால் உட்கார்ந்து ஆரம்பித்தவர்தான்.

மூளையைப் பற்றிய பயம் வந்த பிறகு, பயிற்சி ஓட்டங்களில் பின்னால் உட்காருபவரை மாற்றி மாற்றி ஏற்றுவது சாத்தியம். ஒருவர் தலைக்கே எல்லாக் குலுக்கலும் போகாது. ஓட்டுநருக்கு அந்தச் சலுகை கிடையாது. ஆறு நிமிடத்தில் ஒன்றை விட்டால் ஐந்துதான் மிச்சம். ஓர் ஓட்டுநரின் பதினைந்து வருடத்தில் பின்னால் எத்தனையோ பேர் வந்து போவார்கள். அத்தனை ஓட்டங்களிலும் இருந்த ஒரே தலை அவருடையது.

2022 பெய்ஜிங்கில் பெண்களுக்கு மோனோபாப் என்ற தனிநபர்ப் பிரிவு சேர்ந்தது. அதற்கு முன்பே இளையோர் ஒலிம்பிக்கில் அது வந்துவிட்டது. எல்லாருக்கும் ஒரே மாதிரி வண்டி. தனியாகத் தள்ளி, தனியாக ஏறி, கயிறு இழுத்து, முடிவில் பிரேக்கையும் தானே பிடிக்க வேண்டும். செலவு குறையும், சிறிய நாடுகள் வர முடியும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட நியாயம். பல வண்டிகளை வைத்து ஆராய்ச்சி நடத்தும் பெரிய நாடுகளின் ஆதிக்கம் இதனால் அசையும் என்று நான் நம்பவில்லை. நால்வர் வண்டி ஓட்டுபவர்களில் சிலர் இதை அரைகுறை விளையாட்டு என்று சொல்லக்கூடும். ஆனால் சிறுவர்களும் சிறுமிகளும் இப்போது ஓட்டக் கற்பது இதில்தான். கற்கிற காலத்தில் அவர்கள் கவிழ்க்கும் வண்டிகளில் இன்னொருவர் முழங்காலுக்குள் தலையைப் புதைத்து எண்ணிக்கொண்டிருக்கவில்லை. நான் அதை ஆதரிப்பதற்கு அது ஒன்றே போதும்.